பெயர்: ராடு, வகுப்பு: ஆபத்து

பெங்களூருக்குக் கிழக்கே, பழைய தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தின் லைன் வீடுகளில் மார்கழிக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிக்கிற வீரர்கள் யாரும் இல்லை. அதனால் கூட்ஸ் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஒருவன் ஹீட்டர் ராடு விற்க வந்தபோது, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முப்பத்திரண்டு வீடுகள் வீட்டுக்கொன்று வாங்கின. பக்கெட்டில் தொங்கவிட்டு பிளக்கைச் சொருகினால் கால் மணியில் தண்ணீர் ஆவி பறக்கும். ராடின் மேல் ஒரு எழுத்துக்கூடக் கிடையாது. யார் செய்தது, எத்தனை வாட்ஸ், எப்போது தொடலாம், எப்போது தொடக்கூடாது, ஒன்றும் இல்லை. அட்டைப்பெட்டியின் மேல் மட்டும் ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டே குளித்துக்கொண்டிருந்தாள்.

சம்பங்கியும் ஒன்று வாங்கினான். நாற்பத்தாறு வயது. தினமும் விடியற்காலை ரயிலேறி பெங்களூரு போய், ஒரு சட்டைக் கம்பெனியின் கிடங்கில் பெட்டி கட்டிவிட்டுத் திரும்புகிறவன். ராடு வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம், அவன் மனைவி ஜெயம்மா தண்ணீர் சூடாகிவிட்டதா என்று பார்க்க பக்கெட்டில் கையை விட்டாள். சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் விட்டாள். அணைத்த பிறகும் அது அடித்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த சம்பங்கி பிளக்கைப் பிடுங்கினான். அவள் பிழைத்துக்கொண்டாள். வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன.

வயரிங் வேலை தெரிந்த ஒருவர் ராடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எர்த்தே இல்ல சம்பங்கி. நம்ம பழைய வீட்டு சுவிட்சை நம்பாத. அணைச்சாலும் ஒரு வயர்ல கரண்டு நின்னுக்கினு இருக்கும். பிளக்கைப் பிடுங்காம தொட்டா ஆள் காலி."

அன்று சாயங்காலமே சம்பங்கி மற்ற முப்பத்தொரு வீடுகளுக்கும் போனான். ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னான். எதிர் வீட்டுப் பார்வதம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன் பொண்டாட்டிக்கு நேரம் சரியில்ல. அதுக்கு ராடு இன்னா பண்ணும்? எங்க வீட்ல தினம் மூணு பக்கெட்டு ஓடுது."

பின் லைனில் தனியாக இருந்த ஃப்ளோரா ஆண்ட்டி மட்டும் முழுதாகக் கேட்டார். அறுபது தாண்டியவர், சர்ச் கொயரில் இன்னமும் பாடுகிறவர், இரண்டு முட்டியிலும் வலி.

"நீ சொல்றது சரியாத்தான் இருக்கும்ப்பா. ஆனா நான் ஒருத்தி எடுத்து வெச்சிட்டா ஆச்சா? கவர்மெண்ட்ல இருந்து ஒரு பேப்பர் வாங்கியாந்து ஒட்டு. எல்லாரும் விடுவாங்க, நானும் விட்டுடறேன். அதுவரைக்கும் இந்தக் குளிருல எனக்கு வேற வழி இல்ல."

அரசாங்கத்தில் இதற்கென்றே ஓர் இடம் இருந்தது. வீட்டு மின்கருவிகள் எச்சரிக்கைச் சீட்டு வாரியம். அதன் கிளை அலுவலகம் ராபர்ட்சன்பேட்டையில், மாடியில். படிக்கட்டுச் சுவரெல்லாம் "சீட்டைப் படி, உயிரைப் பிடி" என்று எழுதியிருந்தது. மாடியில் சுவிட்சுப் பலகை கழன்று ஒரே வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. பலகையைவிடப் பெரிய மஞ்சள் அட்டையில் "தொங்குகிறது, தொடாதீர்" என்று மூன்று மொழிகளில் ஒட்டியிருந்தார்கள். சம்பங்கிக்கு நம்பிக்கை வந்தது. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்தான்.

முன் மேசையில் ஷோபா என்ற எழுத்தர் இருந்தாள். அவனுடைய ராடை மாதிரிப் பொருளாக வாங்கி வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரைத் தட்டினாள்.

"லேபிள் நம்பர் சொல்லுங்க."

"லேபிளே இல்லம்மா. அதான் கம்ப்ளைன்ட்டு."

"அது புரியுது. ஆனா கம்ப்ளைன்ட் ஏத்தணும்னா நாலாவது கட்டத்துல லேபிள் நம்பர் போடணும். போடாம அடுத்த கட்டத்துக்குப் போகாது."

"லேபிள் இருந்தா நான் இன்னாத்துக்கு வரப்போறேன்?"

ஷோபா கொஞ்சம் யோசித்தாள். அவள் கெட்டவள் இல்லை. "லேபிள் இல்லைன்னு ஒரு சர்ட்டிபிகேட் இருந்தா, அந்த சர்ட்டிபிகேட் நம்பரைப் போடலாம்."

"அதை யாரு குடுப்பாங்க?"

"செஞ்ச கம்பெனிதான் குடுக்கணும்."

"கம்பெனி பேரு எப்படித் தெரியும்?"

"லேபிள்ல இருக்கும் அண்ணா."

மூன்று நாள் லீவு இதிலேயே போனது. நான்காம் முறை உதவி இயக்குநரைப் பார்க்கவிட்டார்கள். ரங்கதாமய்யா என்று பெயர். மேசையில் இருந்த பேனா நிறுத்தி, தண்ணீர் டம்ளர், தலைவலித் தைலம் எல்லாவற்றின் மேலும் லேபிள் ஒட்டியிருந்தது. சம்பங்கி சொன்னதை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"நோடி, இங்க பாருங்க சம்பங்கி, நான் முப்பது வருஷமா லேபிளுக்காகவே வாழறவன். எழுத்து மூணு மில்லிமீட்டருக்குக் கீழே போனா எனக்குத் தூக்கம் வராது. எச்சரிக்கை முக்கோணம் மஞ்சளா இல்லாம வெளிர்மஞ்சளா இருந்துச்சுன்னு ஒரு இஸ்திரிப் பெட்டியை இதே கையால பறிமுதல் செஞ்சேன். தப்பான லேபிள் எங்க இருந்தாலும் சொல்லுங்க, இந்த நிமிஷம் ஜீப்பை எடுக்கறேன்."

"இதுல லேபிளே இல்லீங்க சார்."

"அப்போ லேபிள்ல தப்பும் இல்லையே."

சம்பங்கி வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"லேபிள் இல்லாத பொருள் சட்டத்தோட பார்வையில மின்கருவியே இல்லை. அது வெறும் கம்பி. கம்பிக்கு எங்க வாரியத்துல அதிகாரம் கிடையாது."

"கம்பி ஷாக் அடிச்சிது சார். என் பொண்டாட்டி கை போச்சு."

"கம்பி ஷாக் அடிக்காது சம்பங்கி. மின்கருவிதான் அடிக்கும்." அவர் குரலில் பரிவு இருந்தது. "நீங்க ரொம்பக் குழம்பிப்போய் இருக்கீங்க. அடுத்த வாரம் எங்க பாதுகாப்புச் சீட்டு வாரம் வருது. உங்க மனைவியைக் கூட்டிட்டு வாங்க. மேடையில உக்கார வைக்கறோம்."

மேடையில் நாலு பேர் முன்னால் சொன்னாலாவது விஷயம் பரவும் என்று சம்பங்கி ஜெயம்மாவைக் கூட்டிக்கொண்டு போனான். நந்திதுர்க் பக்கம் ஒரு சமுதாயக்கூடம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். ரங்கதாமய்யா மைக்கைத் தொட்டார், கையை உதறினார், பிறகு கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.

"இந்த மைக் லேசாகக் கடிக்கிறது. ஆனால் கவனியுங்கள், இதன் அடியில் லேபிள் இருக்கிறது." கை தட்டினார்கள். "பெரியோர்களே, லேபிள் என்பது வெறும் காகிதமா? இல்லை. லேபிள் ஒரு தாய். தாயில்லாத பிள்ளையைப் பற்றி இந்த நல்ல நாளில் பேசலாமா? ஆகவே லேபிள் இல்லாத கருவிகளைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசப்போவதில்லை. கடந்த ஐந்து வருடங்களில் இந்த வட்டாரத்தில் லேபிள் ஒட்டிய கருவிகளால் நேர்ந்த விபத்து பூஜ்யம். லேபிள் ஒட்டாத கருவிகளால் நேர்ந்த விபத்தும் பூஜ்யம், ஏனென்றால் அவற்றை நாங்கள் பதிவதில்லை. இந்த இரட்டைப் பூஜ்யம் எந்த மாவட்டத்துக்கு வாய்த்தது?"

பிறகு ஜெயம்மாவுக்குச் சால்வை போர்த்தி, கண்ணாடிச் சட்டம் போட்ட முன்மாதிரி லேபிள் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். மடங்கின விரல்களை எல்லோரும் பார்க்கும்படி கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார் போட்டோக்காரர். அவள் தூக்கினாள். தூக்கினபடியே மைக்குப் பக்கம் வாயைக் கொண்டுபோய், "அந்த ராடை நிறுத்துங்க சார், எங்க லைன்ல இன்னும் முப்பத்தோரு வீட்ல..." என்றாள். யாரோ மைக்கை அணைத்தார்கள். அணைத்த பிறகும் அது ரங்கதாமய்யாவை ஒருமுறை கடித்தது.

வீட்டுக்கு வரும் வழியில் ஜெயம்மா சட்டம் போட்ட லேபிளை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னாங்க, இவங்களுக்குக் காதே இல்லையா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

அந்த வாரம் பின் லைன் வழியாகப் போகும்போதெல்லாம் ஃப்ளோரா ஆண்ட்டி ஜன்னலில் இருந்து கேட்பார். "பேப்பர் வந்துச்சாப்பா?"

"வந்துக்கினே இருக்குது ஆண்ட்டி. அதுவரைக்கும் பிளக்கைப் பிடுங்கிட்டுத் தொடுங்க."

"ஞாபகமா இருந்தா பண்றேன்ப்பா."

பொங்கல் கழிந்த மறுநாள் காலை அவருக்கு ஞாபகம் இல்லை. எட்டு மணிக்குப் பால்காரர் கூப்பிட்டுப் பார்த்துக் கதவைத் தள்ளினபோது, குளியலறையில் உயிரில்லாமல் கிடந்தார். பக்கெட்டுத் தண்ணீர் கொதித்து வற்றிப் பாதியாகியிருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் நிக்கோல் மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்தாள். வழுக்கி விழுந்து தலையில் அடி என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள்.

வாரியத்திலிருந்தும் ஓர் ஆய்வாளர் வந்தார். பூதக்கண்ணாடியை வைத்து ராடை நுனிமுதல் பிளக்குவரை பார்த்தார். "லேபிள் இல்லை. ஆகையால் மரணத்துக்கான காரணத்தைப் படிக்க இயலவில்லை" என்று எழுதி, ராடை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது சம்பங்கி எல்லோருக்கும் பின்னால் நடந்தான். வந்துக்கினே இருக்குது என்று தன் வாயால் சொன்னது திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. ஒரு பேப்பர். ஒரே ஒரு பேப்பரைக் கேட்டுக்கொண்டு இந்தம்மா செத்திருக்கிறார். வழியில் இருந்த ஸ்டேஷனரிக் கடையில் நின்றான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நோட்டுப்புத்தகத்தில் ஒட்டுகிற லேபிள்தான் அங்கே இருந்தது. மூலையில் ஒரு முயல் படம். பெயர், வகுப்பு, பாடம், பள்ளி என்று நான்கு கோடுகள். மூன்று கட்டு வாங்கினான்.

வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதினான்.

பெயர்: ஹீட்டர் ராடு.
வகுப்பு: ஆபத்து.
பாடம்: பிளக்கைப் பிடுங்காமல் தொட்டால் சாவு.

பள்ளி என்ற கோட்டுக்கு வந்ததும் பேனா நின்றது. காலியாக விட மனம் வரவில்லை. ஃப்ளோரா ஆண்ட்டி என்று எழுதினான்.

மறுநாள் முப்பது வீடுகளுக்கும் ஜெயம்மாவும் அவனும் போய், ராடின் பிளாஸ்டிக் கைப்பிடியில் அதை ஒட்டினார்கள். அதற்குப் பிறகு நடந்ததை அவனே எதிர்பார்க்கவில்லை. பார்வதம்மா லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்தாள். ராடைச் சாக்கில் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"இதை முன்னாடியே எழுதியாந்து இருக்கக் கூடாதா?"

"வாயால சொன்னேனேக்கா!"

"வாயால ஆயிரம் பேரு சொல்வான். எழுதினது இருந்தாத்தானே நிஜம்?"

மூன்று நாள் ஊரிகத்தில் ஒரு பக்கெட்டுகூடக் கொதிக்கவில்லை. ஜனங்கள் விறகு தேடினார்கள், கேஸ் அடுப்பில் அண்டாவை ஏற்றினார்கள், சிலபேர் குளிக்கவே இல்லை. சம்பங்கி ரயிலில் உட்கார்ந்து, பல நாளைக்குப் பிறகு தூங்கினான்.

நான்காம் நாள் ஜீப் வந்தது.

இத்தனை நாளாக அசையாத வாரியம் அரை மணி நேரத்தில் முப்பது வீடுகளிலும் ஏறி இறங்கி முப்பது ராடுகளையும் பறிமுதல் செய்தது. சம்பங்கியை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் ராடுகள் அடுக்கியிருந்தன. முயல்கள் வரிசையாகப் பார்த்தன. ரங்கதாமய்யா அளவுகோலை எடுத்து எழுத்துகளை அளந்தார்.

"முக்கோணம் எங்கே? முயல் எந்த அட்டவணையில வருது? எழுத்து ஒரு இடத்துல நாலு மில்லிமீட்டர், ஒரு இடத்துல ரெண்டு. தமிழ்ல மட்டும் எழுதியிருக்கு. ஃப்ளோரா ஆண்ட்டின்னு ஒரு பள்ளி இந்த மாவட்டத்துலயே பதிவாகலை. என் முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கொடுமையைப் பார்த்ததில்லை."

"தப்புதான் சார்." சம்பங்கி கைகூப்பினான். திடீரென்று அவனுக்கு ஒன்று உறைத்தது. "ஆனா இப்ப லேபிள் இருக்குது இல்ல சார்? இப்ப இது மின்கருவி ஆயிடுச்சு இல்ல? இப்ப உங்களுக்கு அதிகாரம் வந்துடுச்சு இல்ல? தடை பண்ணிடுங்க சார். என்னைப் புடிச்சி உள்ள போடுங்க. இந்த முப்பதையும் உடைச்சிடுங்க."

ரங்கதாமய்யா அவனை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்ணில் ஒரு மரியாதைகூட இருந்தது.

"நியாயமான வாதம். லேபிள் இருக்கறதால எங்களுக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தை வெச்சு இதோ உத்தரவு போடறேன். லேபிளை அகற்ற வேண்டியது."

"அகற்றினா?"

"அகற்றிட்டா அதிகாரம் போயிடும். பொருளைத் திருப்பிக் கொடுத்துடுவோம். அடுத்தவங்க கம்பியை வெச்சுக்க எங்களுக்கு என்ன உரிமை?"

இரண்டு பேர் உட்கார்ந்து மண்ணெண்ணெய்த் துணியால் முப்பது முயல்களையும் தேய்த்து எடுத்தார்கள். இனிமேல் எந்தப் பொருளின் மேலும் லேபிள் எழுதவோ ஒட்டவோ மாட்டேன் என்று சம்பங்கியிடம் எழுதி வாங்கினார்கள். ராடுகளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொன்றோடும் முத்திரை குத்திய ரசீது ஒன்று கொடுத்தார்கள். "குறைபாடுள்ள லேபிள் அகற்றப்பட்டது. கருவியில் வேறு குறை காணப்படவில்லை."

வரிசையில் நின்றவர்களிடம் சம்பங்கி ஒவ்வொருத்தராகக் கெஞ்சினான். "வாங்காதீங்க. எடுத்துக்கினு போவாதீங்க."

பார்வதம்மா ரசீதை விரித்துக் காட்டினாள். "கவர்மெண்டே குறை இல்லன்னு சீல் போட்டுக் குடுத்திருக்குது. நீ முயல் ஒட்டினவன்தானே?"

மறுநாளே ஊரிகத்தில் மறுபடி ஆவி பறந்தது.

பத்து நாள் கழித்து நிக்கோல் ஒரு கடிதத்தோடு சம்பங்கி வீட்டுக்கு வந்தாள். திருமதி ஃப்ளோரா அவர்களின் பெயருக்கு வந்திருந்தது. ஆய்வுக்காக எடுத்துச் செல்லப்பட்ட தங்கள் பொருள் நல்ல நிலையில் உள்ளது, தாங்கள் நேரில் ஆஜராகிப் பெற்றுக்கொள்ளவும், தவறினால் பொருள் அலுவலக உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்று இருந்தது.

"அங்க எடுத்துக்குவாங்களாம் மாமா. அங்க யாராவது தொட்டுட்டா?" என்றாள் நிக்கோல்.

இருவரும் போனார்கள். ஷோபாதான் இருந்தாள். இறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்தாள். நிக்கோலை நிமிர்ந்து பார்க்காமலே கையெழுத்து வாங்கினாள். ராடைத் தாளில் சுற்றி நீட்டினாள். நீட்டினவள் அதை விடாமல் பிடித்துக்கொண்டு, உள் அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணா, அந்த ஆட்டோ எங்க ஆண்டர்சன்பேட்டைக்கும் வந்துச்சு. எங்க வீட்லயும் இதே ராடுதான். உங்ககிட்ட அந்த முயல் லேபிள் இன்னும் ஒண்ணு இருக்குமா?"

சம்பங்கிக்குச் சிரிப்பதா, மேசையைக் கவிழ்ப்பதா என்று தெரியவில்லை. "லேபிள் இன்னாத்துக்கும்மா? வீட்டுக்குப் போயி பிளக்கைப் பிடுங்கித் தூக்கிப் போடு."

"நான் சொன்னா மாமியார் கேக்கணுமே." அவள் கண் கலங்கியிருந்தது. "எழுதினது இருந்தா கேப்பாங்க."

"எழுத மாட்டேன்னு உன்கிட்டதானே எழுதிக் குடுத்தேன்?"

"ஆமாண்ணா. நான்தான் ஃபைல் பண்ணேன்." அவள் ராடை விட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த டோக்கன்" என்று கூப்பிட்டாள்.

கீழே, படிக்கட்டு ஓரத்தில் செருப்புத் தைக்கிறவர் உட்கார்ந்திருந்தார். நிக்கோல் ராடைத் தரையில் அடித்தாள். வளைந்தது, உடையவில்லை. சம்பங்கி குனிந்து அவருடைய தோல் அறுக்கும் கத்தியைக் கேட்டு வாங்கினான். நிக்கோல் பிளக்கை ஒரு கையிலும் கைப்பிடியை ஒரு கையிலும் இழுத்துப் பிடிக்க, நடுவில் வயரில் கத்தியை வைத்து இழுத்தான். இரண்டே இழுப்பு. வயர் துண்டாகித் தொங்கியது.

இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை என்று தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒண்ணு போச்சு," என்றாள் நிக்கோல்.

"இன்னும் முப்பது இருக்குது." அவன் கத்தியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "ஐயா, சாயங்காலம் வரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டுமா?"

"இன்னாத்துக்குப்பா? வம்பு தும்பு இல்லையே?"

"லேபிள் எழுதக் கூடாதுன்னுதான் என்கிட்ட எழுதி வாங்கியிருக்காங்க. வயரை அறுக்கக் கூடாதுன்னு ஒரு எழுத்துகூட வாங்கல."

ஊரிகம் வந்ததும் அவன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராக எதிர் வீட்டுப் படியேறினான். பார்வதம்மா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, துண்டும் கையுமாகக் குளியலறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

"இன்னா சம்பங்கி, கத்தியும் கையுமா?"

"தண்ணி போட்டுட்டியாக்கா?"

"போட்டாச்சு. சூடு வந்துச்சான்னு பாக்கத்தான் போறேன்."

அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். பக்கெட் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. முதலில் பிளக்கைப் பிடுங்கினான். பிறகு வயரை அறுத்தான். பார்வதம்மா துண்டை வீசினாள், சொம்பை வீசினாள், அவன் பாட்டன் முப்பாட்டனையெல்லாம் இழுத்து மூன்று பாஷையில் வைதாள். முதுகில் பட்ட சொம்பை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு ஜெயம்மா ஓடிவந்தாள். புருஷன் கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள், தரையில் கிடந்த வயரைப் பார்த்தாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவனுக்கு முன்னால் ஓடி, அடுத்த வீட்டுக் கதவை இடது கையால் தட்டினாள்.